டிஸ்கில் இருந்த நாட்கள்

இராயபுரம்
12-11-1973

தம்பி லூர்துவுக்கு,

நம் வீட்டுக் கடிதங்களில் உச்சியில் சேசு மரி சூசை என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை ஆரம்பிப்போம். இதில் எழுதவில்லை. மனத்தில் இவ்வளவு ஆத்திரத்தை வைத்துக்கொண்டு அந்த மூன்று பேரையும் துணைக்குக் கூப்பிட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் விலாசத்தை அடைக்கலமேரி கொடுத்தாள். உனக்குப் பேசி வைத்திருக்கும் பெண்ணுக்குத் தெரிந்த விலாசம், உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த எனக்குத் தெரியவில்லை. "நான் குடுத்தேன்னு சொல்லாதீங்கக்கா" என்று கெஞ்சிவிட்டுத்தான் கொடுத்தாள். சொல்லிவிட்டேன். அவளிடம் நீயே சமாதானம் சொல்லிக்கொள்.

விசாகப்பட்டினத்தில் உன் கூட்டாளி ராசையாவோடு தங்கி, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறாயாமே. அப்பாவிடம் சொன்னேன். "நம்ம ஊட்டாண்ட ஆர்பர் இல்லியா, அங்க போயி தூக்கணுமா" என்றார். முப்பது வருஷம் இங்கே கிரேன் ஓட்டியவருக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும். பிறகு சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

போன மாதம் எட்டு மணிப் பூசை முடிந்து வெளியே வந்தவளை, கோயில் வாசலில் வைத்து நீ கேட்டது என் காதிலேயே இருக்கிறது. "முப்பத்தெட்டு குடும்பத்து வயித்துல அடிச்சிட்டு பூசைக்கு வந்துகீறா பாரு" என்றாய். அடைக்கலமேரியின் அப்பா லியோனார்ட் மாமா நின்றிருந்தார். அவள் அம்மா நின்றிருந்தார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு நடந்தேன். பதில் இல்லாமல் இல்லை.

நீ கத்தியதில் ஒன்று உண்மை. அழித்தது என் கைதான். அக்டோபர் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, மத்தியானம் இரண்டே காலுக்கு அந்த டிஸ்கைக் கம்பெனிக் கம்ப்யூட்டர் மிஷினில் மாட்டி ஃபார்மட் போட்டவள் நான்தான். உங்கள் முப்பத்தெட்டுப் பேரும் வேலை செய்த நாட்கள் அதில்தான் இருந்தன.

அது என்ன சாமான் என்று உன்னை உட்கார வைத்து ஒருநாளும் சொன்னதில்லை. இட்லித் தட்டு அடுக்கை நினைத்துக்கொள். ஒரே தண்டில் ஆறு தட்டு. மேலே திருகி மூடக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி. டைம் ஆபீசிலிருந்து வரும் வருகைக் கணக்கை நாங்கள் கார்டுகளில் துளை போட்டுக் கொடுப்போம். மிஷின் அதைப் படித்து அந்தத் தட்டுகளில் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைக்கும். ஒரு டிஸ்கில் இருப்பது இனி வேண்டாம் என்றால் ஃபார்மட் போடுவோம். பழையதை எல்லாம் துடைத்து, புதிதாக எழுதக் கோடு போட்டுத் தருவது. கரும்பலகையைத் துடைத்தால் சாக்பீஸ் தூளாவது கீழே கிடக்கும். இதில் அதுகூடக் கிடக்காது.

காலி டிஸ்க் என்று நினைத்துப் போட்டேன். அது காலி டிஸ்க் இல்லை. மேனேஜர் சொல்லித்தான் செய்தேன், சீனியர் ஆபரேட்டர் பதவிக்காகச் செய்தேன் என்று நீயும் உன்னோடு வேலை செய்த கருணாகரனும் பேசிக்கொள்வது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கம்பெனிக்கு அது லாபமாகப் போயிற்று. அதற்காக நான் அவர்கள் ஆள் ஆகிவிட மாட்டேன்.

தவறான டிஸ்க் எப்படி என் கைக்கு வந்தது என்று மட்டும் கேட்காதே. ஒரு வரி எழுது. எழுதாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

அக்கா
ஐரீன்

விசாகப்பட்டினம்
25-11-1973

திருமதி அல்ல, செல்வி ஐரீன் அவர்களுக்கு,

இப்படித்தானே கம்பெனிக் கடிதத்தில் எழுதுவீர்கள். கம்பெனி ஆளுக்குக் கம்பெனி முறையில் எழுதுகிறேன்.

இட்லித் தட்டு என்று எனக்குப் பாடம் எடுக்கிறாய். எனக்கும் ஒரு பாடம் தெரியும். இருநூற்று நாற்பது. வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்த காஷுவலைப் பெர்மனென்ட் ஆக்க வேண்டும் என்பது பேச்சு. எண்ணூர் கேட்டில் நான்கு வருஷமாகக் கம்பெனிக்காரன் ஒவ்வொரு காஷுவலையும் இருநூற்று முப்பதில், இருநூற்று முப்பத்தைந்தில் நிறுத்திவிடுவான். இந்த வருஷம் ஏற்றுமதி நெருக்கடியில் நிறுத்த மறந்துவிட்டான். நாங்கள் மூச்சு விடாமல் எண்ணிக்கொண்டிருந்தோம். ஜூலையில் எனக்கு நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல். நீதான் ஈரத்துணி போட்டாய். காலையில் எழுந்து போய் லாரிக்கு மூட்டை ஏற்றினேன். அம்மாவின் வருஷத் திவசப் பூசைக்கு வராமல் வேலைக்குப் போனேன். அப்பா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். அந்த நாளும் அந்தத் தட்டில்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் வந்ததும் பழைய மஸ்டர் ரோல் வருகைப் புத்தகத்தை நிறுத்தினீர்கள். துளை போட்ட கார்டுகளை ஏற்றி முடித்ததும் காயலான் கடைக்குப் போட்டீர்கள். செப்டம்பரில் அச்சடித்த பட்டியல் மேனேஜர் மேஜையில் இருந்தது. கருணாகரன் கண்ணால் பார்த்தான். முப்பத்தெட்டுப் பெயர். ஆயுத பூஜை முடிந்து போய்க் கேட்டால், "அந்த மாதிரி பட்டியலே இல்லை, மிஷினிலும் ஒன்றும் இல்லை" என்கிறார்கள். மறுநாளே எங்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

தவறு என்கிறாய். நான் உன்னோடு இருபத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்தவன். உப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் சீட்டு ஒட்டி வைக்கிறவள் நீ. ஸ்டவ்வை அணைத்தோமா என்று மூன்று தடவை திரும்பி வந்து பார்க்கிறவள் நீ. நீ தவறாக ஒரு டிஸ்கை எடுத்தாய் என்றால் அதை நம்ப நான் காதில் பூ வைத்துக்கொண்டவன் இல்லை.

எனக்கு வயிறு எரிவது இன்னொன்றுக்கும். பூஜைக்காகச் சுத்தம் செய்ய ஆள் எடுத்தபோது, கம்ப்யூட்டர் அறைக்கு நான் போகிறேன் என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். "எங்கக்கா மிஷின் அது, நான்தான் தொடைப்பேன்" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர் அறைக்குள் போனபோது கோயிலுக்குள் போகிற மாதிரி இருந்தது. உன் மிஷினுக்கு என் கையால் சந்தனம் வைத்தேன். நான்கு நாள் கழித்து அதே மிஷினில் என் கழுத்தை அறுத்தாய்.

லியோனார்ட் மாமா பெர்மனென்ட் ஆனால்தான் பெண் என்றார். இனி என்ன சொல்வார் என்று தெரியும். அப்பாவுக்கு என் கும்பிடு.

சி. லூர்து

இராயபுரம்
20-12-1973

லூர்து,

செல்வி ஐரீன் எழுதுகிறேன்.

தெருவில் நட்சத்திரம் கட்டிவிட்டார்கள். நம் வீட்டில் கட்டவில்லை. அப்பா மூங்கில் வாங்கி வைத்திருக்கிறார், அது அப்படியே சுவரில் சாய்ந்திருக்கிறது. "புள்ள இல்லாம யாருக்கு கட்டறது" என்கிறார். நானும் அவருக்குப் பிள்ளைதான். அதை அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

கருணாகரனின் அம்மா பவுனம்மாள் இப்போது நம் தெருவுக்கு மீன் கொண்டு வந்தால் நம் வாசலைத் தாண்டும்போது விலை கூவுவதை நிறுத்திவிடுகிறாள். போன செவ்வாய்க்கிழமை நின்றாள். மீன் வாங்கத்தான் கூப்பிடுகிறாள் என்று பாத்திரத்தோடு போனேன். கூடை கழுவிய தண்ணீரை வாசற்படியில் ஊற்றிவிட்டு, "எம் புள்ள ஒரு வர்ஷம் ஒழச்சத ஒரு விரல்ல தொடச்சிட்டியேடி, இத்தயும் தொடச்சி வுடு" என்றாள். தெருவே பார்த்தது. நான் துடைப்பத்தை எடுத்துவந்து கழுவி விட்டேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் மேல் இருந்தது, அதுவும் பாதி தண்ணீரோடு போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்த மனுவை லேபர் ஆபீசில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஜனவரி கடைசியில் விசாரணை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். அழிந்த டிஸ்கில் சோதனைக்காகப் போட்ட எண்கள்தான் இருந்தன, ஆட்களின் நாள் கணக்கு எதுவும் இல்லை, அப்படி ஒரு பட்டியலை நான் அச்சடித்ததும் இல்லை என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் சீனியர் ஆபரேட்டர். போடாவிட்டால், கவனக்குறைவாகக் கம்பெனிச் சொத்தை அழித்ததற்குக் குற்றப் பத்திரிகை. "யோசித்துச் சொல்லுங்கள் மிஸ் ஐரீன், அவசரமில்லை" என்று காபி வரவழைத்துக் கொடுத்தார். காபி நன்றாகத்தான் இருந்தது.

யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனால் உன்னை ஒன்று கேட்க வேண்டும். பூஜைக்கு அறையைச் சுத்தம் செய்தது நீதான் என்று யாருக்கெல்லாம் தெரியும்? கருணாகரனுக்குத் தெரியுமா? உள்ளே என்னவெல்லாம் செய்தாய் என்று யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா? சொல்லியிருந்தால் எழுது. சொல்லாவிட்டால் இனி சொல்லாதே. ஏன் என்று கேட்காதே.

கேக் கொஞ்சம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ராசையாவுக்கும் கொடு.

ஐரீன்

விசாகப்பட்டினம்
5-1-1974

அக்கா,

கேக் வந்தது. பாதி நொறுங்கியிருந்தது. ராசையா, "கோவம் கேக்கு மேல இன்னாடா, குடு" என்று அவனே பிரித்துத் தின்றான். அப்புறம் நானும் தின்றேன்.

காகிதத்தில் நீ கையெழுத்துப் போடவில்லை என்றால் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேனோ என்று ஒரு எண்ணம் வருகிறது. முழுசாக வரவில்லை. பாதி வருகிறது.

ஆனால் நீ கேட்ட கேள்வி எனக்குப் பிடிபடவில்லை. நான் சுத்தம் செய்ததை எதற்கு மறைக்க வேண்டும்? கருணாகரனுக்கு அவ்வளவு தெரியாது. எனக்குத் தகர ஷெட்டைச் சுத்தம் செய்கிற வேலை கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஆனால் நான் சொல்லத்தான் போகிறேன். அவன் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறான். விசாரணைக்கு வந்து சாட்சி சொல்லு, உன் பெயரும் பட்டியலில் இருந்தது என்று சொல்லு என்கிறான். அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பூஜைக்கு முந்தின நாள் அந்த டிஸ்குகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருத்தன்தான். மூன்றும் அவற்றை மாட்டும் மிஷின் பெட்டிகளுக்குள் நல்லபடியாக இருந்தன. நான் பார்த்தேன் என்று சொன்னால் கம்பெனியால் மறுக்க முடியுமா?

நான் எவ்வளவு கவனமாகச் செய்தேன் தெரியுமா. டிஸ்குகளைத் தொடவே இல்லை. அவை உள்ளேயே இருந்தன. மூன்று மூடிகளும் காலியாக அலமாரியில் கிடந்தன. அழுக்கு ஏறியிருந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவினேன். ஒட்டியிருந்த சீட்டுகள் ஊறி உரிந்து வந்துவிட்டன. வெயிலில் காயவைத்து, ஆபீசிலிருந்து கோந்து வாங்கி வந்து மறுபடி நேராக ஒட்டினேன். உன்னைவிட நேராக. பிறகு ஒவ்வொரு மூடியின் உச்சியிலும் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, பெட்டிக்கு ஒன்றாக மேலே வரிசையாக வைத்தேன். நாம் வேதக்காரர்கள் என்றாலும் ஆயுத பூஜை என்றால் அது வேலைக்குச் செய்கிற மரியாதை அல்லவா. சிலுவைமுத்து மகன் சந்தனம் வைக்கிறான் பார் என்று பியூன் சிரித்தான்.

இதை எல்லாம் அப்படியே சொல்கிறேன். இருபதாம் தேதி ரயில் ஏறுகிறேன். கோயில் வாசலில் பேசியதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

லூர்து

இராயபுரம்
10-1-1974

லூர்து,

ரயில் ஏறாதே. டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி. ராசையாவுக்குப் படித்துக் காட்டாதே.

மூன்று மாதமாக உன்னிடம் சொல்லக்கூடாது என்று இருந்தேன். நீ வந்து சாட்சி சொல்வேன் என்கிறாய். இனி சொல்லாமல் இருக்க வழியில்லை.

பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் எங்களைப் பொரிகடலைப் பொட்டலம் கட்ட அனுப்பிவிட்டார்கள். எப்போதும் வேலை முடிந்ததும் டிஸ்குகளை மூடி போட்டுக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போவோம். பூஜை அவசரத்தில் மூன்றையும் பெட்டிக்குள்ளேயே விட்டுப் போனேன். முதல் தப்பு என்னுடையது. எது எந்த டிஸ்க் என்று சொல்வது மூடியில் ஒட்டியிருக்கும் சீட்டுதான். ஒன்று சம்பளம். ஒன்று காஷுவல் நாட்கள். ஒன்று காலி. நீ மூன்று சீட்டையும் உரித்துக் காயவைத்து மறுபடி ஒட்டினாய். எந்த மூடியில் எது இருந்தது என்று உனக்கு எப்படித் தெரியும். பெட்டிக்கு ஒன்றாக வரிசையாக வைத்தாய். எந்தப் பெட்டியில் எந்த டிஸ்க் என்று உனக்கு எப்படித் தெரியும்.

திங்கட்கிழமை நான் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, அதன் மேல் இருந்த மூடியைப் போட்டுத் திருகி, டிஸ்கை எடுத்து அலமாரியில் வைத்தேன். மத்தியானம் காலி என்று எழுதியிருந்ததை எடுத்து ஃபார்மட் போட்டேன். நீ ஒட்டிய சீட்டை நம்பினேன்.

உன்னை மட்டும் சொல்லவில்லை. நன்றாகக் கேள். சீட்டைப் பார்த்தால் மட்டும் போதாது, மூடி வழியாக உள்ளே டிஸ்கின் தலையில் பொறித்திருக்கும் நம்பரையும் பார்க்க வேண்டும் என்பது விதி. நானும் குனிந்து பார்த்தேன். நம்பருக்கு மேலே உன் சந்தனமும் குங்குமமும் இருந்தன. விரலால் வழித்திருந்தால் தெரிந்திருக்கும். நீதான் வைத்தாய் என்று பியூன் சொல்லியிருந்தான். என் தம்பி ஆசையாக வைத்த பொட்டு, ஒரு நாளாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஸ்டவ்வை மூன்று தடவை பார்க்கிறவள் அதை ஒரு தடவை பார்க்கவில்லை.

மிஷின் வேலையை முடித்துவிட்டு மணி அடித்தது. ஒரு மணி நேரம் கழித்து உங்கள் நாட்களைத் தேடி அடுத்த டிஸ்கைப் போட்டேன். அதில் பழைய குப்பை இருந்தது. அப்போதுதான் புரிந்தது.

இப்போது நீ வந்து, மூடிகளைக் கழுவி சீட்டை மாற்றி ஒட்டியது நான்தான் என்று உன் வாயால் சொன்னால் என்ன ஆகும்? கம்பெனி வக்கீல் அந்த இடத்திலேயே எழுந்து, காஷுவல் ஆட்களே பதிவை அழித்தார்கள், பட்டியலில் கணக்குப் பொய்யாக இருந்ததால் அழித்தார்கள் என்பார். முப்பத்தெட்டுப் பேரும் போனார்கள். அதன் பிறகு கருணாகரனும் மற்றவர்களும் உன்னைத் திருவொற்றியூரிலிருந்து டோல்கேட் வரை துரத்துவார்கள். அழித்தது கம்பெனியின் ஆபரேட்டர், தப்பு கம்பெனியுடையது என்றால்தான் உங்கள் பக்கம் நிற்கும்.

அதனால் மூடிகளைக் கழுவியது நான், மாற்றிப் போட்டதும் நான். நீ தரையைத் துடைத்தாய். பியூனிடமும் கேட்டுக்கொண்டேன், அவன் வாய் திறக்க மாட்டான். அவ்வளவுதான் நடந்தது.

உன்னைக் கோபிக்கவில்லை. கோயில் வாசலில் கோபித்தேன். வீட்டுக்கு வருவதற்குள், உனக்கு இது தெரிந்தால் என்ன ஆவாய் என்று பயம் வந்துவிட்டது. பயம் வந்த பிறகு கோபத்துக்கு இடம் இல்லை.

அக்கா

விசாகப்பட்டினம்
19-1-1974

அக்கா,

நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று ராசையாவிடம் சொல்லியிருக்கிறேன்.

கோந்து போட்டு ஒட்டினபோது மூன்று சீட்டையும் இந்த உள்ளங்கையில்தான் வைத்திருந்தேன். எது எது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இங்கிலீஷ் எழுத்து, சுருக்கிச் சுருக்கி எழுதியிருந்தது. பியூனைக் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் சிரிப்பான் என்று கேட்கவில்லை. அக்காவின் தம்பிக்கு இதுகூடப் படிக்கத் தெரியவில்லை என்பான் என்று கேட்கவில்லை.

நீ அன்றைக்கே என் முகத்தில் அடித்துச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் எதிரில் நான் கத்தினபோது, "டேய், நீதாண்டா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலில் மீன் தண்ணீர் ஊற்றினபோதாவது அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். நீ துடைப்பத்தை எடுத்துவந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வரட்டுமா, வேண்டாமா? வந்து சொல்லிவிட்டால் எனக்கு மூச்சு வரும் போல இருக்கிறது. என் ஒருத்தனை அடித்துப் போடட்டும். மற்றவர்களைப் பற்றி நினைத்தால் கால் நகரவில்லை. கருணாகரனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். காத்தூன் பீவியின் மகனுக்கு இருநூற்று நாற்பத்தொன்று, ஒரு நாள்தான் அதிகம்.

நீ சொல்கிறபடி செய்கிறேன். எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

லூர்து

இராயபுரம்
3-3-1974

என் தம்பிக்கு,

முடிந்துவிட்டது. விசாரணை இரண்டு தடவை தள்ளிப்போய், பிப்ரவரி கடைசியில் நடந்தது.

நீளமான அறை. ஒரு பக்கம் கம்பெனி வக்கீலும் மேனேஜரும். ஒரு பக்கம் உங்கள் ஆட்கள், சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு. நான் உள்ளே வந்ததும் கருணாகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உண்மையைச் சொல்வேன் என்று கடவுள் பேரில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

டிஸ்கில் என்ன இருந்தது என்று லேபர் ஆபீசர் கேட்டார். முப்பத்தெட்டுப் பேரின் நாட்கள், எல்லாரும் இருநூற்று நாற்பதுக்கு மேல், செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி அச்சடித்தவள் நான் என்றேன். வக்கீல் சிரித்துக்கொண்டே, "முப்பத்தெட்டுப் பெயரும் ஞாபகம் இருக்கிறதோ?" என்றார். வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். பெயரும் நாளும். முப்பத்தைந்து பேரைச் சொன்னேன். மூன்று பேர் நினைவுக்கு வரவில்லை, அவர்களில் இரண்டு பேர் அங்கேயே எழுந்து நின்று தங்கள் பெயரைச் சொன்னார்கள். எப்படி இவ்வளவு ஞாபகம் என்று ஆபீசர் கேட்டார். என் தம்பி பெயர் அதில் இருந்தது, அதனால் மூன்று தடவை சரிபார்த்தேன் என்றேன். லூர்து, இருநூற்று நாற்பத்தேழு.

பிறகு வக்கீல் சந்தேகத்தோடு சுற்றிச் சுற்றி வந்தார். பூஜைக்கு வெளி ஆட்கள் அறைக்குள் வந்தார்களா? வந்தார்கள், தரையைத் துடைத்தார்கள். மூடிகளைத் தொட்டது யார்? நான். கழுவியது யார்? நான். மாற்றிப் போட்டது யார்? நான். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

கடவுள் பேரில் சொன்ன அந்தப் பொய்யை நான் பாவசங்கீர்த்தனத்தில் இன்னும் சொல்லவில்லை. வருந்தி மனஸ்தாபப்படாத பாவத்தைச் சாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாளே என்னை வேலையிலிருந்து நீக்கி ஆர்டர் வந்தது. எட்டு வருஷம். என் சாப்பாட்டு டப்பாவையும் குளிருக்குப் போடும் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு வந்தேன். காட்பாடியில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் டைப்ரைட்டிங் சொல்லித்தர ஆள் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் போகிறேன். இங்கே இருந்தால் தெருவில் நடக்க முடியவில்லை. உங்கள் ஆட்கள் நினைப்பது, அழித்தவளே மாட்டிக்கொண்டு வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டாள் என்று. நினைக்கட்டும்.

கம்பெனி இறங்கி வருகிறதாம். முப்பத்தெட்டுப் பேரையும் எடுப்பதாகப் பேச்சு. எடுத்தாலும் ஆறு மாதம் தகுதி பார்ப்பார்கள். அதற்குள் ஒரு சாக்குக் கிடைத்தால் எல்லாரையும் வெளியே தள்ளிவிடுவார்கள். நீ வீட்டுக்கு வா. ஆர்டர் வந்தால் வாங்கிக்கொள். அப்பாவைப் பார்த்துக்கொள். அடைக்கலமேரியிடம்கூட ஒன்றும் சொல்லாதே. அப்பாவுக்கு மட்டும் தெரியும், நான் சொல்லவில்லை, அவராகக் கண்டுபிடித்தார். "நீ இப்பிடி கவனமில்லாம செய்யற பொண்ணு இல்லியே, யாருக்கோசரம்மா" என்றார். நான் அவர் தட்டில் சோறு போட்டேன். அப்புறம் அவர் கேட்கவில்லை.

அக்கா

இராயபுரம்
16-6-1974

அக்கா,

ரயில் ஸ்டிரைக்கில் போன மாதம் எழுதிய கடிதம் உனக்கு வந்ததோ இல்லையோ. அப்பா நன்றாக இருக்கிறார். காலையில் அவரே கஞ்சி வைக்கிறார், கரிந்துபோகிறது, நான் நன்றாக இருக்கிறது என்று குடிக்கிறேன். லியோனார்ட் மாமா தானாக வீட்டுக்கு வந்து கல்யாணத் தேதி பேசிவிட்டுப் போனார்.

நேற்று ஆர்டர் கொடுத்தார்கள். முப்பத்தெட்டுப் பேருக்கும். பெயரைக் கூப்பிடக் கூப்பிடப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினோம். சம்பள நம்பர் போட்ட தகர வில்லை ஒன்று கொடுத்தார்கள். காத்தூன் பீவியின் மகன் அதைக் கடித்துப் பார்த்தான், எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நேற்று காலையில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றுதான். இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

கேட்டுக்கு வெளியே வந்தபோது வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வெடி வைத்தார்கள். பவுனம்மாள் ஒரு தூக்கு நிறைய லட்டு கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொருத்தனுக்கும் கையில் கொடுத்துக்கொண்டே வந்தவள், என்னிடம் வந்ததும் கையில் கொடுக்கவில்லை. லட்டைப் பிட்டு, தன் கையாலேயே என் வாயருகில் கொண்டுவந்தாள்.

"உங்கக்கா பண்ண பாவம் உன்ன ஒட்டாது நைனா" என்றாள். "அப்பிடி ஒருத்தி கூடப் பொறந்தும் நீ எங்க கூடத்தான் நின்ன. கோயிலாண்டயே அவள நாலு வார்த்த கேட்டியாமே. நீ நல்லா இரு. வாயத் தொற."

கருணாகரன் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ சொல்லாதே என்று எழுதியது அப்போது ஞாபகம் வந்தது, அதனால்தான் பேசவில்லை என்று உனக்கு எழுதலாம் என்று இராத்திரி முழுக்க நினைத்தேன். அது பொய். உன் கடிதம் ஞாபகம் வரவில்லை. அந்த ஆறு மாதத் தகுதிக் கெடுவும் ஞாபகம் வரவில்லை. மற்றவர்களின் வேலையும் ஞாபகம் வரவில்லை. அந்தத் தோளில் இருந்த கை எடுபட்டுவிடுமே என்று பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் வாயைத் திறந்தேன் அக்கா. லட்டைத் தின்றேன்.

லூர்து